நான்கு புள்ளி இரண்டு

மூன்று ஜிபி இறங்கி முடிக்க
இரண்டு இரவும் ஒரு மின்வெட்டும் ஆயிற்று.
கோத்தகிரி, டானிங்டன்,
மெத்தைக் கடைக்கு மேல் என் அறை.
சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை சாத்தியிருக்கிறேன்.
கடைக்காரர் போஜன் சும்மா கொடுத்தது:
'ஈரம் ஏறினத யார் வாங்குவா?'
எதிரொலி அதையெல்லாம் பார்ப்பதில்லை.

காலை ஆறரைக்குப் புதிய சின்த் திறந்தது.
புதுக் குமிழ்கள் பதினொன்று.

ஒன்றின் பெயர் துகள்.
ஒரு நொடி ஒலியை ரவையாக உடைத்து
எந்த வரிசையிலும் தூவலாம்.
போன மாதம் குப்பைத்தொட்டியருகே பதிவுசெய்த
காட்டெருமையின் ஒற்றை மூச்சைப் போட்டேன்.
குமிழைத் திருப்பத் திருப்ப
ஹெட்போனுக்குள் ஒரு மந்தை மேய்ந்தது.

இன்னொன்று உறைவு.
ஓடும் ஒலியை நின்ற இடத்திலேயே
நீட்டி வைத்துவிடும்.
தேயிலைத் தொழிற்சாலைச் சங்கை
'ஊ'வின் நடுவில் பிடித்து நிறுத்தினேன்.
அப்படியே விட்டுவிட்டு டீ போடப் போனேன்.
திரும்பி வந்தபோதும்
ஷிப்டுக்கு யாரும் உள்ளே போயிருக்கவில்லை.

தள்ளாட்டம் என்றும் ஒன்று.
பழைய கருவிகள் சூடேறினால் சுருதி விலகுமாம்,
அந்த விலகலைக் கணக்குப்போட்டுத் தருகிறார்கள்.
முப்பதுக்கு மேல் வைத்தால்
கட்டபெட்டு வளைவில் இறங்கும் மினி பஸ்.

இந்தக் குஷியில்தான்
பழைய கோப்பைத் திறந்தேன்.
இஸ்மத்தின் படத்துக்கு ஆவணியில் செய்தது:
இறந்தவன் தன் வீட்டுக்குள் நுழையும் ஒலி.
ஆரம்பத்தில் ஒரு 'டிக்' வரும்.
நான் வைத்ததில்லை.
நிரலில் எங்கோ ஒரு பிழை,
அலை சுழியத்தில் தொடங்காமல்
வாசற்படியில் கால் தடுக்கும்.
இஸ்மத் அதைக் கேட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.
'தாழ்ப்பாள் மாதிரி இருக்கு.
உள்ள இருந்து யாரோ போடற மாதிரி.'
ஆமாம், யோசித்துத்தான் வைத்தேன் என்றேன்.

இப்போது அது இல்லை.
மாற்றங்களின் பட்டியலில் கடைசி வரி:
சுரத் தொடக்கத்தில் வந்த டிக் ஒலி
சரிசெய்யப்பட்டது.

கதவு திறக்கிறது. இறந்தவன் வருகிறான்.
வரட்டும், தாழ்ப்பாளே இல்லாத வீட்டுக்குள்
யார் வந்தால் என்ன பயம்?

ஒன்பது மணிக்கு மேகம் இறங்கி
எதிரே பெட்ரோல் பங்க் காணாமல் போனது.
துகளால் செய்து பார்த்தேன்: அரிசி சிந்தியது.
இரைச்சலை இரண்டு மில்லிநொடிக்கு நறுக்கினேன்: தீக்குச்சி.
அதன்மேல் தள்ளாட்டம் சேர்த்தேன்:
குடித்துவிட்டு வந்த தீக்குச்சி.
போஜன் கடை ஷட்டரின் கொக்கியைப் பதிவுசெய்தேன்.
கேட்டால் போஜன் கடை ஷட்டர்தான்.
பதினொரு குமிழ்களுக்கும்
ஒரு தவறு செய்யத் தெரியவில்லை.

இஸ்மத் கூப்பிட்டார்.
'இரண்டாவது ரீல் நாளைக்கு.
அந்தத் தாழ்ப்பாள் மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா.'
சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நல்லவேளை.

கட்டிலடியில் பழைய லேப்டாப்.
கீல் உடைந்தது, 'ழ' விசை கிடையாது,
பிளக்கைப் பிடுங்கினால் செத்துவிடும்.
அதில் நான்கு புள்ளி ஒன்று இருந்தது.
புதுப்பிக்கவா என்று கேட்டது.
பிறகு, என்றேன்.
ஒரு சுரம் அழுத்தினேன்.
டிக்.
அதை மட்டும் வெட்டியெடுத்து
தாழ்ப்பாள் என்று பெயரிட
'ழ' இல்லாமல்
'தாப்பாள்' என்று சேமித்தேன்.

இஸ்மத்துக்கு அனுப்பிவிட்டு, சும்மா,
டிக்கை உறையவைத்தால் என்ன கேட்கும் என்று
புதியதில் போட்டுப் பார்த்தேன்.
சுருதியே இல்லாத சீறல்,
ஏறாமல் இறங்காமல்,
தகரத்தில் தொலைதூரத் தூறல் போல.
நிறுத்து என்று அழுத்தினேன்.
ஹெட்போனைக் கழற்றினேன்.
நிற்கவில்லை.

கீழே போஜன் வெயிலுக்குப் போட்ட மெத்தைகளை
ஒவ்வொன்றாய் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.
'சார், காது கேக்குதா?
ஒரு கை குடுங்க.'