பதினோரு முழம்

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டு.
எதிர்ச்சுவரில் லேசரின் சிவப்புப் புள்ளி:
பத்து மீட்டர் நாற்பத்திரண்டு.
"அது கிடக்கட்டும் சர்வேயரம்மா,
முழத்தில் சொல்லுங்க" என்றார் அடைக்கப்பன்.
மேற்கிலிருந்து பதினோரு முழம் அவர் பங்கு.
தன் நீளக் கையைத் தரையில் பதித்துப் பதித்துப் போனார்.
பின்னாலேயே தேனப்பன், தன் குட்டைக் கையோடு.
ஒன்றரைச் சாண் தகராறு.
பூனை படுக்கலாம், கதவு வைக்க முடியாது.

நைல் கரையில் அரசன் முழத்தைக்
கருங்கல்லில் வெட்டி வைத்தார்களாம்,
படித்ததைச் சொன்னேன்.
"அந்த ராசாவுக்கு எந்தப் பங்காளி சாட்சி?"
என்றாள் தேனப்பன் மருமகள்.

பத்திரத்தைப் பிரித்தோம்.
கரையான் விட்டுவைத்த வரிகள்:
நெல், மரக்கால் தலைதட்டி, குவிக்காமல்.
எல்லை, பூக்காரி வெள்ளையம்மாள் கையால்
முழம் பதினொன்று.

அண்ணன் கையைத் தம்பி நம்பவில்லை,
தம்பி கையை அண்ணன் நம்பவில்லை.
இரண்டு வீடும் தினம் சண்டை பிடித்தே
பூ வாங்கிய கை அது.
எரிந்து எண்பது வருஷம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து
சின்னப்பொண்ணைக் கூட்டி வந்தோம்.
"முழம் இருபது ரூபா.
வீடுன்னா அதுக்கு மேல."
கூடையை இறக்கினாள்.
நூல் இல்லை, பூ இல்லை,
ஈரக் கை மட்டும் தரையில் நகர்ந்தது.
வழக்கம்போல முழத்துக்கு அரை விரற்கடை
உள்ளே இழுத்தாள்;
யாரும் வாய் திறக்கவில்லை.
பதினொன்று முடிந்ததும்
சரத்தைக் கிள்ளுவதுபோல்
காற்றைக் கிள்ளினாள்.

அங்கே ஆணி அடித்தேன்.