மூன்றாம் நம்பர் டிம்மர்

எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்:
ஏனுங், நீங்க ஏன் லைட்டை அணைக்கலை?

ஆவாரம்பாளையத்தில்
பம்ப் வார்ப்படம் நின்றுபோன கொட்டகை.
கூரை ஓட்டைகளுக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தோம்,
யாரோ ஒரு வேட்பாளர் தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.
அறுபத்திரண்டு நாற்காலி. எழுபது பேர்.
முன்வரிசையில் பணம் கொடுத்த மோட்டார் கம்பெனிக்காரர்,
மடியில் கண்ணாடித்தாள் பிரிக்காத பூங்கொத்து.

நாடகம்: கழிவுப் பஞ்சு.
எழுத்தும் இயக்கமும் யோகராஜ்.
அந்த நோட்டீஸை அச்சகத்திலிருந்து வாங்கி வந்தவன் நான்,
பெட்ரோல் என் கணக்கு.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன்.
எழுதியது யார் என்று பார்க்கவில்லை.

துளசிமணி பகலில் சித்தாபுதூர் லேபில்
ரத்தம் எடுப்பவள்.
ஒத்திகைக்கு வந்தால் விரலில் ஸ்பிரிட் வாசம்.
அவள் அம்மா பல்லடத்துப் பக்கம் மில்லில்
பதினாறு வருசம் கோன் வைண்டிங்.
அம்மா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை
செல்போனில் பிடித்து
நோட்டில் ஏற்றி
யோகராஜிடம் படிக்கத் தந்திருக்கிறாள்.
நல்லாருக்கு, கொஞ்சம் தட்டி எடுக்கணும் என்றானாம்.
தட்டினான்.
எடுத்துக்கொண்டான்.

உனக்குத் தெரியுமா என்கிறார்கள்.
தெரியும் என்றால் பாதி பொய்,
தெரியாது என்றால் மீதி.
பேக்கரி வாசலில் தேங்காய் பன்னைப் பிய்த்தபடி
ஒரு சாயங்காலம் அவள் சொல்லத் தொடங்கினாள்.
டீ ஆறுது, என்றேன் நான்.

மூன்றாவது காட்சி. ஷிப்ட் சங்கு.
பஞ்சு மூட்டையிலிருந்து இறங்கியவள்
ஒத்திகையில் இல்லாத இரண்டு எட்டு
முன்னால் வந்தாள்.
இனிமே நான் பேசப்போறது எங்கம்மா பேசுனது.
பேரு பாவாத்தாள்.
டோக்கன் நம்பர் நானூத்திப் பதினேழு.
எழுதுனது நானுங்.
நோட்டீஸ்ல இல்லை.

பக்கத் திரையோரம் யோகராஜ்
கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான்:
அணை.

கை மூன்றாம் நம்பர் டிம்மரில் இருந்தது.
பழைய சரக்கு, அறுபதைத் தாண்டினால் முனகும்.
நான் இறக்கவில்லை.
இதையும் சொல்லிவிடுகிறேன்,
ஏற்றவும் இல்லை.

துணிச்சல் என்று ரொசாரியோ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.
துரோகம் என்கிறான் யோகராஜ்,
எட்டு வருசம் என் வீட்டில் சாப்பிட்ட உரிமையில்.
நான் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்,
சூடேறிய சுருளை அவசரத்தில் தொட்டவர்களின்
கையைப் பார்த்தவன்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

பேப்பரில் நாலாம் பக்கம் ஒரு பத்தி வந்தது,
நாடகத்தின் பெயரைக் கழிவறைப் பஞ்சு என்று போட்டு.
இரண்டு கூட்டம் நடந்தது.
கூட்டுப் படைப்பு என்ற வார்த்தை
முதல் கூட்டத்தில் மட்டும் பதினொரு தடவை.
வீட்டுச் சண்டைய வீதில வெக்கலாமா என்றார்கள்.
வீடு யாருதுங்க என்று கேட்டாள்
மேக்கப் போடும் ஜெரினா,
அவளுக்கு இரண்டு நாடகத்துக் காசு பாக்கி.
குழு உடைந்தது. கறுப்புத் திரை அவர்களுக்கு,
டிம்மர் பெட்டி எங்களுக்கு.
கம்பெனிக்காரரோ இன்னும்
அந்தப் புள்ள கடைசில நடிச்ச எடம் பிரமாதம் என்கிறார்.
எழுந்து நின்று கைதட்டியவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை துளசிமணி கூப்பிட்டாள்.
நன்றி எதுவும் சொல்லவில்லை.
பின்னால ஆளுங்க தெரிஞ்சாங்களா, உங்க எடத்துலிருந்து?
இல்லை, வெளிச்சம் மேடையோட நின்னுரும்.
எங்கம்மா வந்திருந்தாங்க.
நாற்காலி கிடைக்கல, சுவத்தோரமா நின்னாங்க.

அவள் டோக்கன் நம்பரைச் சொன்ன நேரம்
பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது,
விடாமல்.
யாருடா அது, வெளியே போய் இருமக்கூடாதா
என்று பல்லைக் கடித்தது நினைவிருக்கிறது.

அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.