மருந்து அடிக்கிறவன்

பதினாறு லீட்டர் முதுகில்.
கைப்பிடியை ஏற்றி இறக்கினால்
விசிறி விசிறியாய்ப் பறக்கும்.
எங்கள் தோட்டத்தில் இதற்கும் பேர் மருந்துதான்.
பிரட்டில் கணக்கப்பிள்ளை கூப்பிடுவார்:
"தவசிலிங்கம், ஒன்பதாம் நம்பர் மலைக்கு மருந்து!"
ஏதோ மலைக்குக் காய்ச்சல் மாதிரி.

ஒன்பதாம் நம்பர்
அப்புத்தளை றோட்டுக்கு மேலே,
தேயிலை முடிந்து பத்தனைப் புல் தொடங்கும் விளிம்பு.
கான் ஓரமெல்லாம் புளியாரை.
ஒரு காம்பில் மூன்று இலை,
சட்டைப் பித்தானை விடச் சின்ன மஞ்சள் பூ.
முற்றின காயைத் தொட்டால் வெடித்துப்
புறங்கையில் விதை தெறிக்கும்.
களை லிஸ்டில் அதற்கு எத்தனையாவது இடமோ.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.
பிள்ளைக்காம்பராவில் வயிற்றோட்டம் வந்தால்
ராக்கம்மா இதை அரைத்து மோரில் கரைப்பாள்;
டிஸ்பென்சரி ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.
வெயில் மண்டைக்கு ஏறினால் நெற்றியில் பற்று.
மருவுக்கு வெங்காயத்தோடு சேர்த்துச் சாறு.
ஊமத்தங்காய் தின்று உளறிய வேலாண்டிக்கு
வாயைப் பிளந்து ஊற்றினது இதைத்தான்.
பிழைத்தது இலையாலா, பதுளை ஆஸ்பத்திரியாலா,
லயத்தில் இன்னும் சண்டை தீரவில்லை.
கல்லடைப்புக்காரன் மட்டும் கிட்டப் போகக்கூடாது.
தீபாவளிக்கு முந்தின நாள்
பித்தளை விளக்கு கண் விழிப்பதும் இந்தப் புளிப்பில்தான்.
கொழுந்து நிறைக்குப் போதாத நாளில்
பெண்கள் ஒரு கிள்ளு வாயில் அடக்கி
எச்சில் ஊற ஊற அடுத்த நிரை ஏறுவார்கள்.

அத்தனையும் தெரிந்துதான் அடிக்கிறேன்.
பேர் விழ வேண்டுமே.

போன செவ்வாய்
மேல் நிரையை முடித்துத் திரும்பினால்
கானுக்குள் குந்தி ஒரு பெண்.
பத்தனைக்கு அந்தப் பக்கத்து ஊர்.
சீத்தைத் துணி மடி பாதி பச்சை.
கத்தினேன், "பெஹெத் கஹலா!"
காற்று பின்பாதியைத் தின்றது.
அவளிடம் போய்ச் சேர்ந்தது "பெஹெத்" மட்டும்.
சிரித்துத் தலையாட்டினாள்:
"ஒவ் ஒவ், ஹொந்த பெஹெத்!"
ஆமாம், நல்ல மருந்து என்கிறாள்.
இன்னொரு பிடி கிள்ளினாள்.

அவர்கள் பேச்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஓடினேன். டாங்கி முதுகில் குலுங்க
வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.
டாங்கியைத் தட்டினேன், அவள் மடியைக் காட்டினேன்,
தொண்டையைப் பிடித்து நாக்கைத் தொங்கவிட்டேன்.
காமன் கூத்தில் மன்மதனாய் எரிந்தபோதுகூட
நான் இப்படிச் செத்ததில்லை.
சிரிப்பு நின்றது.
மடியை உதறினாள்.
சேறான கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றாள்.
மகனுக்கு மூன்று நாளாய் வயிறு சரியில்லையாம்.

கருங்கல்லுக்குப் பின்னால்
என் தெளிப்புக்கு எட்டாத ஒரு துண்டு உண்டு.
எட்டாத என்றா சொன்னேன்?
எட்டும். நான்தான் விடுவதில்லை.
ஒரு படங்கு விரிக்கிற அகலம்.
பூட்ஸ் முனையால் காட்டினேன்.
அவள் ஒன்றைக் கிள்ளிக் காம்பின் நுனியைப் பிடித்து
ஆட்டுக்குக் குழை நீட்டுகிற மாதிரி
என் வாய்க்கு நேரே நீட்டினாள்.
நியாயம்தானே,
முதுகில் டாங்கியோடு வந்தவனை எப்படி நம்புவாள்?
தின்றேன்.
எனக்குப் புளித்தது, அவள் முகம் சுருங்கியது.
அப்புறம்தான் குனிந்தாள்.

டாங்கியில் மீதி எட்டு லீட்டர்.
கீழ் நிரைக்கு அடித்தேன்.

இருட்டு முன் பீலியில்
மூன்று தரம் சோப்புப் போட்டாலும்
சின்னவளைத் தூக்க மனைவி விடமாட்டாள்.
வாசலில் நின்று மலையைப் பார்ப்பேன்.
பொழுது சாய்ந்தால் புளியாரை இலை மடிக்கும்,
அது அதன் வழக்கம்.
நான் அடித்ததும் மடித்துத்தான் கிடக்கும்.
இரண்டு விடியல் போக வேண்டும்
எது தூக்கம் என்று தெரிய.