ஐம்பத்தொன்று

கல்லுக்கட்டி மாடியறையில் டாரட்காரி
எழுபத்தெட்டுப் படம் விரித்தாளாம்.
இடி விழுந்து கோபுரம் பிளக்கும் சீட்டு வந்ததில்
சிகப்பிக்குச் சோறு இறங்கவில்லை.
கேட்டதென்னவோ
பங்குவீடு விலைபோகுமா என்றுதான்.

என்னிடம் இருப்பது
கிளப்பில் கழித்துப்போட்ட ரம்மிக் கட்டு.
வியர்வை நெடி, முனை மடங்கிய ராணிகள்.
இடியும் இல்லை, எலும்புக்கூடும் இல்லை.
டைமன் பத்து: பணம் வரும்.
இஸ்பேட் ஒன்பது: இப்போது வராது.
கிளாவர் ராஜா:
பினாங்கில் ஒருவர்
கையெழுத்துக்குக் கூலி கேட்பார்.

“தம்பிக்கு எந்தச் சீட்டு?” என்றாள்.

ஆட்டின் ஜாக்கியைத் தேடினேன்.
காணோம்.
அவளே எண்ணினாள்:
ஐம்பத்தொன்று.

போன வெள்ளி
அவன் என்னோடு ஆடி ஜெயித்ததை
நான் சொல்லவில்லை.
நூறு ரூபாயை வைத்துவிட்டு
ஒன்று குறைந்த கட்டை
சீராக அடுக்கிக்கொண்டிருந்தாள்,
வெகுநேரம்.