இரண்டா, பிள்ளையார் சுழியா

கோபேயிலிருந்து கேட்டிருந்தார்கள்:
"உமையாள் அவர்களே, முப்பத்தோராம் தாளின் தலையில்
பென்சிலால் ஓர் எண். இரண்டு போலிருக்கிறது.
எந்தக் கேள்விக்கான விடை?"

எந்தக் கேள்விக்கும் இல்லை ஐயா.
நான் போட்டது.
வெற்றுத்தாளைக் கண்டால் உ போடும் கை,
வட்டிக்கணக்கு எழுதிய வீட்டுக் கை.
எங்கள் பழைய எண்ணில் இரண்டுக்கும் அதே வளைவுதான்.
கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

மனச்சோர்வை அளக்க இருபது கேள்விகள்.
ஆங்கிலத்தில் பிறந்து ஜப்பானுக்கு வாழ்க்கைப்பட்டவை.
மூலத்தைப் பார்க்காமல் நான் திருப்பிப் பெயர்க்க வேண்டும்.
போனதும் வந்ததும் ஒன்றா என்று
அங்கே இருவர் நிறுத்துப் பார்ப்பார்கள்.

செக்காலை ரோட்டில் மாடி வீடு, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை.
தாள் பறக்காமல் ஒரு பக்கம் அகராதி,
ஒரு பக்கம் மிக்சர் டப்பா.
'கி கனக்கிறது' என்கிறது ஆறாம் கேள்வி.
கி என்றால் மூச்சு, மனசு, வானிலையிலும் கொஞ்சம்.
ஆங்கிலத்துக்குப் போகிற வழியில்
'மனசு பாரமாயிருக்கு' என்று தமிழில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தது.
எழுப்பிவிட மனசில்லை.

பதினான்கில் வண்டி நின்றது.
'பிறருக்குத் தொந்தரவாக இருக்கிறேன் என்று தோன்றியது.'
ஒன்று அரிதாக, இரண்டு சில சமயம்,
மூன்று பல சமயம், நான்கு எப்போதும்.

கேட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்தவர்களில் கடைசி ஆள்
இசோபே தமாயே, ஐம்பத்தெட்டு வயது.
கணவர் மானகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆலோசகர்.
"வட்டமா, டிக்கா?"
"வட்டம்."
அவர் பள்ளியில் டிக் என்றால் தப்பாம்.
என் பள்ளியில் வட்டம் என்றால் முட்டை.

பதினான்கில் 'எப்போதும்'. யோசிக்கவே இல்லை.
வட்டமிடும்போது மனதில் என்ன வந்தது?
முறைப்படி நான் கேட்டாக வேண்டும்.
சிரித்தார். "ஒன்றுமில்லை. எல்லாரும் இதைத்தானே போடுவார்கள்?
'அரிதாக' என்று போடுகிறவரை
டாக்டரிடம் அனுப்புங்கள்."

நியாயம்தான். வழிவிட்டால், தேநீர் தந்தால்,
கதவைப் பிடித்துக்கொண்டால், எதற்கும் சுமிமாசென்.
அகராதியில் அது மன்னிப்பு.
பிரித்துப் பார்த்தால், 'இன்னும் தீரவில்லை'.
எங்கள் பேரேட்டில் சிவப்பு மையில் வருமே, அதே சொல்.

மரியாதையை நோயென்று எண்ணுகிறது இந்தக் கேள்வி,
எடுத்துவிடலாம் என்று எழுதினேன்.
எடுத்தார்கள்.
பத்தொன்பதும் ஒன்றோடொன்று அழகாக இணங்கின.

வியாழக்கிழமை, மின்சாரம் போன மதியம்,
தமாயே மாடியேறி வந்தார்.
செருப்பைத் திரும்பிப்போகும் திசை பார்க்க வைத்தார்.
கையில் வெள்ளைப் பணியாரம் ஒரு டப்பா.
கடைக்காரர் எண்ணத் தவறி
அதிகம் கொடுத்துவிட்டாராம், தனியாகத் தீராதாம்.

"அந்தப் பதினான்கு..."
"எடுத்தாச்சு" என்றேன், நல்ல சேதி போல.
டப்பாவைத் திறந்தார். மூடினார்.
"அன்று மனதில் ஒன்று வந்தது.
என் இரண்டாவது மகன்.
நான் வீட்டில் நடக்கிற சத்தமே
தாங்கவில்லை என்றான் ஒருநாள்.
அதிலிருந்து காலுறையோடுதான் நடக்கிறேன்.
இங்கேயும். இந்த வெயிலிலும்."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ
எழுத்து வாசித்துக்கொண்டிருந்தார்:
ட, ப, ம... இல்லை, ய.

"சுமிமாசென்" என்றார், எழுந்துகொண்டே.
இது எந்தச் சுமிமாசென் என்று
கேட்க என் படிவத்தில் இடமில்லை.

இரவு கோபேக்கு எழுத உட்கார்ந்தேன்:
பதினான்கைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.
ஆதாரம் கேட்பார்கள்.
ஒருவருடைய காலுறை ஆதாரமாகாது, தெரியும்.
புதுத்தாளின் தலையில் கை தன்பாட்டுக்குச் சுழித்தது.
அழிக்கவில்லை. இரண்டு என்றே வைத்துக்கொள்ளட்டும்.
சில சமயம்.

பிறகு பசித்தது. டப்பாவைத் திறந்தேன்.
பன்னிரண்டு பணியாரம்.
விலைச்சீட்டிலும் பன்னிரண்டுதான்.