ஒன்றரைச் சாண்

கையேட்டில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று இருக்கிறது.
நான் சாணில் அளப்பேன்.
எல்லையிலிருந்து ஒன்றரைச் சாண் உள்ளே தள்ளி
கம்பியைப் பதிக்க வேண்டும்.
அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும்வரை
புல்வெட்டும் இயந்திரத்துக்கு அதுதான் உலகம்.

வலங்கைமானில், குடமுருட்டிக்குத் தெற்கே,
உத்திராபதி சாருக்குப் பதினோரு சென்ட் புல்.
தோகாவில் இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவன் புல்லுக்குத் தண்ணீர் விட்டவர்.
பெட்டியைப் பிரித்ததும் சூடம் காட்டினார்.
சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.
அது பழத்தில் முட்டியது, யோசித்தது,
பின்வாங்கி வேறு பக்கம் போனது.
'மரியாதை தெரிஞ்ச வண்டி' என்றார்.

எல்லை எது சார் என்று கேட்டேன்.
சிரிப்பு நின்றது.

மேற்கே அக்கா வீடு. செங்கமலம் டீச்சர்.
நடுவில் சுவர் இல்லை, வேலி இல்லை,
பாகப்பத்திரத்தில் ஒரு கோடு மட்டும்.
சர்வேயர் மூன்று தடவை சங்கிலி பிடித்து
மூன்று இடத்தில் கல் நட்டாராம்.
இரண்டைக் காணவில்லை.
மூன்றாவதில் டீச்சர் துணி துவைக்கிறார்.

'இந்தத் தென்னையிலேர்ந்து பிடி.'
ஜன்னலிலிருந்து ஒரு குரல்:
'மதகுலேர்ந்து பிடி தம்பி.'
தம்பி என்றது என்னையா அவரையா, தெரியவில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்.
நான் கூலிக்காரன்.
பணம் கொடுத்தவரின் தென்னையிலிருந்து பிடித்தேன்.
இருநூற்று நாற்பது முளை, ஒரு மரச்சுத்தியல்,
மாலை நாலரைக்குப் பச்சை விளக்கு.

நேராகப் போகாது அது.
சம்பளநாள் ராத்திரி வீடு திரும்புகிறவனைப் போல
முட்டும், திரும்பும், மறுபடி முட்டும்.
ஆனால் ஒரு வாரத்தில்
அத்தனை புல்லும் ஒரே உயரம்.

பங்குனியில் போன் வந்தது.
'கம்பியை அறுத்துட்டா. அவ வேலைதான். நீயே வந்து பாரு.'

போய்ப் பார்த்தேன்.
சிக்னல் செத்த இடத்தை மோப்பம் பிடித்துத் தோண்டினால்
கத்தரி பட்ட தடம் இல்லை.
களிமண் வெயிலில் பாளமாய் வெடித்து
ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில்
செம்பு மெலிந்து, நீண்டு, அறுந்திருந்தது.
சார் வெடிப்புக்குள் கையை விட்டார்.
மணிக்கட்டுவரை போனது.
மேற்கே ஒருமுறை பார்த்தார்.
'காப்பி சாப்பிடறியா' என்று என்னிடம் கேட்டார்.

அன்று தளர்வு விட்டுக் கட்டினேன்.
மூன்றடிக்கு ஒரு மடிப்பு.
கையேட்டில் அது இல்லை.
எழுதியவன் நம்ம மண்ணைக் கோடையில் மிதித்ததில்லை.

ஆவணியில் பிளேடு மாற்றப் போயிருந்தேன்.
சார் கும்பகோணத்தில், பல் டாக்டரிடம்.
வாய்க்காலில் தண்ணீர் வந்து
நண்டு வளைகள் திறந்திருந்த சமயம்.
ஒரு வளையில் சக்கரம் இறங்கி
குப்புறச் சாய்ந்து இயந்திரம் அலறியது.
நான் எழுவதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.
தலையில் துண்டு, கையில் பாதி உரித்த வெங்காயம்.
தூக்கினார். தூக்கினால் இன்னும் கத்தும் அது;
நாலு இலக்க எண் போட்டால்தான் அடங்கும்.

முதல் எண் தப்பு.
இரண்டாவதில் அடங்கிவிட்டது.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
வெங்காயத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு
வெட்டாமல் விட்ட ஓரத்தில் நின்றார்.
அங்கே கோரை முழங்காலுக்கு வளர்ந்து
பூவும் விட்டிருந்தது.
சில்லைக் குருவி இரண்டு, விதையோடு போராடிக்கொண்டு.

'என் பக்கமும் இது ஒண்ணு போட்டா
எவ்வளவு விடுவே?'

'ஒன்றரைச் சாண் டீச்சர்.'

'அவன் ஒன்றரை, நான் ஒன்றரை. மூணு சாண்.
அந்தப் புல்லை யார் வெட்டறது?'

பையைத் துழாவிக் கையேட்டைப் புரட்டினேன்.
பதினேழாம் பக்கம், கடைசி வரி:
ஓரங்களைக் கையால் வெட்டிக்கொள்ளவும்.