டோக்கன் அறுபத்து நான்கு

லூசியேன் தெலோர்ம் என்று இருந்ததை
கவுண்டரில் லூசி என்று கூப்பிட்டுவிட்டார்கள்.
எழுந்து வந்தது ஆறடி உயரம்.
வந்தவாசியில் டயர் வெடித்த
பாண்டிச்சேரி பஸ்ஸில் கசங்கிய சட்டை.
பின்னால் மனைவி அமலோற்பவம்,
கையில் ஃபைல்.

தொழில் என்ற கட்டத்தில்
பாடகர் என்று எழுதி, அடித்து,
வாத்தியார் என்று எழுதி
அதையும் பாதி அடித்திருந்தது.

நான் குரல் பரிசோதிக்கிறவள்.
ஆற்காடு ரோட்டு லாட்ஜில் தங்கி
மால்டாவிலிருந்து வந்தாலும்
இந்தப் பக்கம் அணைக்கட்டிலிருந்து வந்தாலும்
என்னிடம் இரண்டே எழுத்துதான்.
மூச்சை அளக்க ஓர் ஆ.
கேமரா தொண்டைக்குள் இறங்கும்போது ஓர் ஈ.

அமலோற்பவம் சொல்லிக்கொண்டே வந்தார்:
லியோனில் பதினோரு வருஷம் மாற்று ஆள்.
பெரிய பாடகருக்கு உடம்புக்கு வந்தால் என்று
ராத்திரிதோறும் வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கிற வேலை.
"வந்துச்சா?"
"ஒரு வாட்டி. ஜலதோஷம். மூணாவது அங்கம் மட்டும்."
மறுநாள் பேப்பரில் மெச்சியிருந்தார்களாம்,
ஜலதோஷக்காரர் பெயரைப் போட்டு.

அப்புறம் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தது,
அங்கே கொஞ்சம், பாண்டியில் மிச்சம்.
உச்சத்துக்குப் போகும்போது மேலே பார்க்காதே,
கிணற்றில் வாளி இறக்குவதாக நினைத்துக்கொள்
என்பாராம்.
பிரெஞ்சில் அது வாளியா என்று தெரியவில்லை.

ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.
ஆ சொல்லுங்க.

முதலில் கரகரத்தது,
சத்துவாச்சாரி சிக்னலில் லாரி கிளம்புகிற மாதிரி.
பிறகு லாரி இல்லை.
ட்ரேயில் இடுக்கிகள் கிணுகிணுத்தன.
பக்கத்து அறையில்
காது டெஸ்டுக்கு ஹெட்போன் மாட்டியிருந்த பையன்
கேட்குது என்று பட்டனை அழுத்தினான்.
மறுபடி அழுத்தினான்.
வராந்தாவில் அறுபத்தைந்து, அறுபத்தாறு, அவர்கள் சொந்தக்காரர்கள்
அத்தனை பேரும் கப்சிப்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
தரையில் ஓர் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாளி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

முடிந்தபோது வாட்சில் பூஜ்யம்.
நான் அழுத்தவே இல்லை.

ஈ எடுத்தோம்.
திரையில் இரண்டு வெள்ளை மடிப்பு,
இடது ஓரத்தில் நொய் அளவு கட்டி.
மூணு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர்,
வகுப்பும் கூடாது.
"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அதைத்தானே சொல்றேன்"
அமலோற்பவம் சிரித்தார்.
அவர் அந்த நிமிஷமே தொடங்கி
சைகையில் எனக்கு நன்றி சொன்னார்.

நொடிகள் என்ற கட்டம் காலி.
இனிமேல் கேட்க முடியாது.
சராசரி ஆணுக்கு இருபத்தைந்து என்கிறது புத்தகம்.
இருபத்தைந்து என்று எழுதி
கீழே கையெழுத்தும் போட்டேன்.